பாங்கித் துரைக்காக நான் செய்த சத்தியம்

எனக்கு மூன்று பாஷை தெரியும். இருபத்து நான்கு வயதில் இதை நான் யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு திரிந்தேன். வில்லியனூர் தேரடியில் வெற்றிலை வாங்கப் போனால்கூட கடைக்கார பாய்க்குப் பிரெஞ்சில் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் சுண்ணாம்பு கேட்பேன். பாவம், அவர் அதையும் பொறுத்துக்கொண்டு ஒரு கொட்டைப்பாக்கு கூடவே தருவார். பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறியிருந்தேன். கடலூரில் மாமா வீட்டில் தங்கி இரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்திருந்தேன். தமிழ் தானாக வந்தது. அதற்காக நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை என்றாலும் அதையும் சேர்த்து மூன்று என்றே சொல்வேன். வேலைதான் கிடைக்கவில்லை. மூன்று பாஷையிலும் சும்மா இருக்கிற பிள்ளை என்று என் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னை அறிமுகப்படுத்தி வைத்தார்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்பு, பாகூர் ஏரிக்கரையில் ஓர் ஓட்டு வீட்டை ஒரு இங்கிலீஷ்காரர் வாடகைக்கு எடுத்திருக்கிறார், தமிழ் பேச ஆள் தேடுகிறார் என்று செய்தி வந்தது. அன்றே வேட்டியைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். ஐம்பது வயது தாண்டிய மனிதர். நெடுநெடுவென்று உயரம், சாயம் போன கோட்டு, காலில் செருப்பு. நான் மனப்பாடம் செய்துகொண்டு போன இங்கிலீஷ் வாக்கியங்களைக் கடைசிவரை கேட்டார். பிறகு, நாளை காலை வர முடியுமா என்றார். அவ்வளவுதான். என் பிரெவே சான்றிதழை நான்தான் வலிய எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்துத் திருப்பித் தந்தார். அந்தச் சிரிப்பு ஏன் என்று எனக்கு விளங்க மூன்று வருஷம் ஆயிற்று.

அவர் இங்கிலாந்தில் பரம்பரையாகப் பாங்கி நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். நாலைந்து தலைமுறைக்கு முன்னால் ஆரம்பித்த பாங்கி. கீழே பாங்கி, மேலே வீடு. இவர் பிறந்ததே பாங்கிக்கு மேலே இருந்த அறையில்தான். பதினாறு வயதில் மாடியிலிருந்து கீழே இறக்கிவிட்டார்களாம். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம்: பாங்கிக்கு வருகிற பிள்ளை முதல் ஒரு வருஷம் வாசலில் நிற்க வேண்டும், வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும், மைக்கூடுகளுக்கு மை ஊற்ற வேண்டும். முதலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கதவு திறக்கும் வேலையா என்று நான் வாயைப் பிளந்தேன். என் வீட்டில் எனக்குத் தண்ணீர்ச் செம்பைக்கூட நானாக மொண்டு பழக்கமில்லை.

பிறகு என்ன ஆயிற்று என்றால், பெரிய பாங்கி ஒன்று வந்து இவர்கள் பாங்கியை விழுங்கிவிட்டது. இவருக்குப் பெரிய அறை ஒன்றும் மேஜைமேல் ஒரு மணியும் கொடுத்தார்கள். மணியை அடித்தால் ஆள் வருவான். அவனிடம் சொல்ல இவருக்கு ஒன்றும் இருக்காது. எத்தனை நாளைக்கு அடிப்பது? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடலூரில் இருந்த உறவுக்காரர் ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார். அங்கே கிளப்பில் பார்க்கிறவனெல்லாம் எந்தக் கம்பெனியில் பங்கு வாங்கலாம் என்று பிடித்துக்கொண்டானாம். பெண்ணையாற்றைத் தாண்டிப் பிரெஞ்சு எல்லைக்குள் வந்தால் இங்கிலீஷ்காரத் தொல்லை இல்லை என்று கண்டுபிடித்து பாகூருக்கு வந்துவிட்டார். இங்கே தன்னை யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தார்.

நான் விடுவேனா? இரண்டே வாரத்தில் மதகடிப்பட்டு சந்திப்பு வரைக்கும் தெரியவைத்துவிட்டேன். நான் வெறும் ஆளிடம் வேலை பார்க்கவில்லை, ஒரு பாங்கிக்காரரிடம் வேலை பார்க்கிறேன் என்பது என் மாப்பிள்ளை மதிப்புக்கு முக்கியம். அவரிடம் இரண்டு இரும்புப் பெட்டிகள் இருப்பதையும் சொல்லிவைத்தேன். ஒன்றில் புத்தகமும் மற்றதில் கம்பளிக் காலுறையும் இருந்ததைச் சொல்லவில்லை. அதன்பிறகு காலையில் ஆள் ஆளாக வர ஆரம்பித்தார்கள். அடகு வைக்க மூக்குத்தியைக் கழற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. துரை ஒவ்வொருவருக்கும் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு, தான் இப்போது அந்தத் தொழிலில் இல்லை என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினார். நான் அதைத் தமிழில் சொல்லும்போது, இப்போதைக்கு இல்லை என்று ஒரு சொல்லை மாற்றிப் போட்டுக் கொஞ்சம் நம்பிக்கையும் கொடுத்து அனுப்பினேன். இப்படித்தான் எனக்குக் கை துணிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் வினோதம். அவர் கிறிஸ்தவர், ஆனால் பாகூரில் இருக்கும் மாதா கோயிலுக்குப் போகமாட்டார். அவர்கள் சபையில் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, மணி கிடையாது. ஒன்பது மணிக்குக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுவார். பத்து மணிக்குத் திறப்பார். அதுதான் பூசை. யாருக்காவது உள்ளிருந்து பேச்சு எழுந்தால் பேசலாம். எழாவிட்டால் பேச வேண்டாம். என்னையும் கூட உட்காரச் சொன்னார், விருப்பமிருந்தால்தான். நான் முதல் ஞாயிறு பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மௌனத்தை மொழிபெயர்க்கச் சம்பளம் வாங்கிய ஆள் பிரெஞ்சு இந்தியாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வராது. அந்த ஒரு மணி நேரமும் கூரை ஓடுகளை, பல்லியை, துரையின் செருப்பை என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பத்தடிக்கும்போது சட்டென்று கண்ணை மூடி, அப்போதுதான் திறக்கிறவன் மாதிரி மெதுவாகத் திறப்பேன். துரை என்னைப் பார்த்துத் தலையை அசைப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

எங்களோடு மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தார். துரைக்குப் பால் ஊற்றுகிற குடியானவர். நாற்பது வயது இருக்கும். ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். ஒரு ஞாயிறு பால் செம்போடு வந்தவர், இரண்டு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கூப்பிட்டால் தப்பு என்று வாசற்படி ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அஞ்சு நிமிஷத்தில் குறட்டை. துரைக்கு ஒரே சந்தோஷம், ஆள் சேர்ந்துவிட்டது என்று. அதன்பிறகு வாராவாரம் வந்தார். என்னய்யா, வேதத்தில் சேரப்போகிறீரா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“அட போ தம்பி. வாரத்துல அந்த ஒரு மணி நேரந்தான் ஒருத்தனும் என்ன வேல ஏவ மாட்டேங்கறான். குந்துனா அப்படியே அசத்துது.”

மூன்று வருஷத்தில் துரை அந்த மௌனத்தில் வாயைத் திறந்தது ஒரே தடவை. மழை பெய்ததற்கு நன்றி என்றார். நான் அதை வருண பகவான், வளம், விளைச்சல் என்று முக்கால் பக்கத்துக்கு நீட்டித் தமிழில் சொன்னேன். கேட்பதற்கு இருந்த ஒரே ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் குடியானவருக்கு நிலம் குத்தகைக்கு விட்டவர் ஊரில் பெரிய நிலக்காரர். கொம்யூன் என்ற பிரெஞ்சு ஊராட்சிச் சபையில் உறுப்பினர். மேரியில், அதாவது கொம்யூன் அலுவலகத்தில், யாரை வேலைக்கு வைப்பது என்பது அவர் சொல்படிதான். அங்கே ஓர் எழுத்தர் இடம் காலியாகப் போகிறது, உன் மகன் பெயரைச் சொல்லியிருக்கிறேன் என்று அவர் என் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா அன்று முதல் என்னை ஏதோ ஆளாக மதித்து, சாப்பாட்டில் நெய் ஊற்றச் சொன்னார். நிலக்காரருக்கோ அந்த இரண்டு காணியைக் குடியானவரிடமிருந்து பிடுங்கிக் கரும்பு வைக்க ஆசை. இவர் விடவில்லை. முறைத் தண்ணீர் விஷயமாக இரண்டு பேருக்கும் வாய்த்தகராறும் நடந்தது.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரி வாய்க்கால் மதகை யாரோ உடைத்துத் திறந்துவிட்டார்கள். நிலக்காரரின் முற்றிய நெல் அத்தனையும் தண்ணீரில் சாய்ந்துவிட்டது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் நடந்தது. மதகு பார்க்கிற ஆள், குடியானவர் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்றான். அவன் நிலக்காரரின் சோற்றைத் தின்கிறவன். வழக்கு வில்லியனூரில் உட்காரும் பிரெஞ்சு நீதிபதியிடம் போயிற்று. குற்றம் என்று தீர்ந்தால் ஜெயில். அதைவிடப் பெரிய தண்டனை, நிலம் போய்விடும். அவர் மனைவி ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தாள்.

ஒன்பதிலிருந்து பத்து வரை அவர் எங்கே இருந்தார் என்று உலகத்தில் ஒருவனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு. அன்று அவர் குறட்டை விட்டார், வாயோரம் எச்சில் வழிந்தது, ஓர் ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன்.

வழக்குப் போட்ட மறுநாள் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலிலேயே நின்றாள்.

“நீ அங்கதான தம்பி இருந்த? நீ வந்து ஒரு வார்த்த சொல்லு.”

அப்பா உள்ளேயிருந்து இருமினார். அந்த இருமலில் மேரி, நாற்காலி, நெய் எல்லாம் இருந்தது. என் வாய் வழக்கம்போல வேலை செய்தது. என் பேச்சு எடுபடாது, நான் யார், சின்னப் பையன். துரையே வந்து சொல்லட்டும், வெள்ளைக்காரர் வார்த்தைக்கு வெள்ளைக்கார நீதிபதி மறுபேச்சுப் பேசுவாரா, நான் பக்கத்திலேயே நின்று பிரெஞ்சில் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் நம்பினாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். இதில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. மொழிபெயர்ப்பாளனாக நிற்கிறவனை அதே வழக்கில் சாட்சியாகக் கூப்பிட முடியாது என்று எனக்குத் தெரியும். நிலக்காரர் கேட்டால், நான் வாயாகத்தான் நின்றேன், சொன்னது துரை என்று தப்பித்துக்கொள்ளலாம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

துரையிடம் போய்க் கேட்டேன். தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வில்லியனூருக்குக் கூண்டு வண்டியில் போனோம். வழியில் துரை ஒன்று சொன்னார். அவர்கள் சபையில் யாரும் சத்தியம் செய்வதில்லை. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால் மற்ற நேரத்துப் பேச்சு பொய் என்றாகிவிடும். அவருடைய கொள்ளுத் தாத்தாவுக்கும் தாத்தா ஒருவர் கோர்ட்டில் சத்தியம் செய்ய மறுத்து ஜெயிலுக்குப் போனாராம். அவர் வெளியே வந்ததும் ஊரார் தங்கள் பணத்தையெல்லாம் கொண்டுவந்து அவரிடம் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம், ஒரு சொல்லுக்காக ஜெயிலுக்குப் போகிறவன் நம் காசில் பொய் சொல்லமாட்டான் என்று. பாங்கி பிறந்த கதையே அதுதான். ஆகையால் நான் சத்தியம் செய்யமாட்டேன், அதை நீதிபதிக்கு மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வண்டியை நிறுத்தி, அப்படியானால் நானே சாட்சி சொல்கிறேன் என்றிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, “என்கிட்ட விட்டுடுங்க” என்றேன்.

நீதிமன்றத்தில் வழக்கமாக இருக்கும் மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழும் பிரெஞ்சும்தான். இங்கிலீஷ் வராது. என்னைக் கூப்பிட்டதும் என் நடையே மாறிவிட்டது. உள்ளது உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று கையை உயர்த்தி முதலில் நான் சத்தியம் செய்தேன். குடியானவர் கைகட்டி ஓரமாக நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. முன் வரிசையில் நிலக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

துரையைக் கூண்டுக்கு அழைத்தார்கள். வெறுப்பில்லாமல், பயமில்லாமல், உண்மை முழுவதையும் சொல்வதாகச் சத்தியம் செய்யுங்கள் என்றார் நீதிபதி. நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். துரை இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, நான் சத்தியம் செய்வதில்லை, உண்மை சொல்வேன் என்று மட்டும் சொல்கிறேன் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சத்தியம் செய்யாத சாட்சியை எடுத்துக்கொள்ள மாட்டார்களே என்று எனக்குப் பதறியது. மூக்குத்திக்காரர்களுக்கு ஒரு சொல்லை மாற்றிப் போட்ட அதே சாமர்த்தியம் தானாக நாக்கில் வந்து நின்றது. கணீரென்று பிரெஞ்சில் சொன்னேன்: “அவர் சத்தியம் செய்கிறார்.”

எழுத்தர் எழுதிக்கொண்டார். நான் அடுத்த கேள்விக்குத் தயாரானேன். அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல், பாரீசிலேயே பிறந்து வளர்ந்தவர் போலச் சுத்தமான பிரெஞ்சில் பேசியது.

“மன்னிக்க வேண்டும், நீதிபதி அவர்களே. என் நண்பர் நல்ல எண்ணத்தில் சொல்லிவிட்டார். நான் சத்தியம் செய்யவில்லை.”

பேசியது துரை. எனக்கு ஒரு கணம் யார் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. பின்னால் திரும்பிக்கூடப் பார்த்தேன். மூன்று வருஷம்! மூன்று வருஷமாக அந்த மனிதருக்கு நான் மேரி நோட்டீசுகளைப் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு, தப்பும் தவறுமாக, உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டு நன்றி சொல்லியிருக்கிறார். பரம்பரை பாங்கிக்காரருக்குப் பிரெஞ்சு தெரியாமல் இருக்குமா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த மூன்று பாஷை மண்டைக்குத் தோன்றவில்லை. அவருக்கு ஆள் தேவைப்பட்டது தமிழுக்கு மட்டும்தான்.

நீதிபதி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, சத்தியம் இல்லாமல் தகவலாக மட்டும் கேட்டுக்கொள்கிறேன் என்று துரையிடம் சொன்னார். அன்று காலை ஒன்பதிலிருந்து பத்து வரை இந்த ஆளைப் பார்த்தீர்களா?

துரை யோசித்தார்.

“நான் கண்ணை மூடியிருந்தேன். ஒரே ஒரு தடவை திறந்தேன், திறந்திருக்கக் கூடாது. அப்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். என் மொழிபெயர்ப்பாளர் விழித்திருந்தார். அவர் எப்போதும் விழித்துத்தான் இருப்பார். மற்ற நேரத்தைப் பற்றி அவரைத்தான் கேட்க வேண்டும்.”

நிலக்காரர் தொடையைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இதற்குமேல் ஒளிய இடமில்லை. சொன்னேன், சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரமும் அவர் அங்கேதான் இருந்தார், நான் கண்ணால் பார்த்தேன், வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன் என்று கையைத் தூக்கினேன்.

நீதிபதி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். மெல்லிய குரலில் கேட்டார்: “ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் இதே கையைத் தூக்கி ஒரு சத்தியம் செய்தீர்கள். உடனே இன்னொருவர் செய்யாத சத்தியத்தைச் செய்ததாகச் சொன்னீர்கள். இந்த மூன்றாவதை நான் எங்கே வைத்துக்கொள்வது? உண்மை என்றால் முதலிலேயே ஏன் சாட்சியாக வரவில்லை?”

வழக்கமான மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியைக் குடியானவருக்குத் தமிழில் சொன்னார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் அதற்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது.

மதகு பார்க்கிறவன் ஒழுங்காகக் கை தூக்கிச் சத்தியம் செய்து ஒழுங்காகப் பொய் சொன்னான். குடியானவருக்குப் பதினைந்து நாள் ஜெயில் என்று தீர்ப்பாயிற்று. நிலத்தை நிலக்காரர் அந்த வாரமே எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது, வண்டி அரியாங்குப்பத்து ஆறு தாண்டியதும் துரை என் பக்கம் திரும்பி, எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று உங்களிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், சான்றிதழை அத்தனை ஆசையாக நீட்டினீர்கள், மனசு வரவில்லை, அது என் தவறு என்றார். திட்டியிருக்கலாம். வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாம். நான் வண்டியின் கூண்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தப் பதினைந்து நாளும் அவர் தினம் காலையில் குடியானவர் வீட்டுக்குப் போய் மாட்டுக்குப் புல் போட்டார், சாணி அள்ளினார், மாட்டிடம் இரண்டு தடவை உதை வாங்கினார். வெள்ளைக்காரன் சாணி அள்ளுகிறான் என்று கரையாம்புத்தூரிலிருந்துகூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. தீர்ப்பான மூன்றாம் நாள் நிலக்காரர் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். பயந்துகொண்டே போனேன். அவர் என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். முதுகில் தட்டினார்.

“கெட்டிக்காரன்டா நீ. தொர சாட்சிய நேராக் கெடுத்தா தெரிஞ்சுடும்னு, பண்ணாத சத்தியத்தப் பண்ணதாச் சொல்லிக் கெடுத்த பாரு. எனக்கே கடைசியிலதான் புரிஞ்சுது.”

நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துவிட்டார்! இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எதை இல்லை என்பது? அப்படியே மறுத்தாலும் என் வார்த்தையை யார் நம்புவது? அந்த வார்த்தையின் விலைதான் வில்லியனூரில் ஊருக்கே தெரிந்துபோயிற்றே. எழுத்தர் வேலை உனக்குத்தான், பங்குனி முதல் தேதி வந்துவிடு என்றார். அப்பா அன்று கோயிலில் தேங்காய் உடைத்தார்.

வேலையில் சேர்ந்தேனா என்று கேட்பீர்கள். சேர்ந்தேன். இப்போது நினைத்தால் என்னைப் பிடித்து நாலு அறை விடலாம் போல இருக்கிறது. அப்போது, நான் சேராவிட்டால் மட்டும் நிலம் திரும்பி வந்துவிடுமா என்று எனக்கு நானே வாதாடி ஜெயித்தேன். துரையிடம் போய்ச் சொன்னபோது எழுந்து வந்து, மற்றவர்களுக்குச் செய்வது போலவே, எனக்கும் கதவைத் திறந்துவிட்டார்.

மேரியில் எனக்குக் கிடைத்தது பிறப்பு இறப்புப் பதிவு. பிரெஞ்சுச் சட்டப்படி ஒரு குழந்தையின் பிறப்பை எழுத வேண்டுமானால் இரண்டு சாட்சி வேண்டும். ஒரு சாட்சி குறைந்தால் எழுத்தரே கையெழுத்துப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். நானே தினம் நாலைந்து போடுவேன். சித்திரை கடைசியில் ஒரு நாள் காலை அந்தக் குடியானவர் தன் மச்சானோடு உள்ளே வந்தார். இளைத்திருந்தார். துரையின் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒரு நிமிஷம் தயங்கி நின்றார். பிறகு மேஜைக்கு எதிரே வந்து, பெண் குழந்தை, செவ்வாய்க்கிழமை விடியற்காலை என்றார்.

நான் குனிந்தபடியே எழுதினேன். தகப்பன் தொழில் என்ற இடத்தில் குடியானவர் என்று எழுதப் போனேன். கூலி என்று போடச் சொன்னார். போட்டேன். மச்சான் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சியாக வர வேண்டியவருக்குக் காய்ச்சல் என்றார்கள். இதையாவது செய்யலாம் என்று தோன்றியது. பரவாயில்லை, நானே போட்டுவிடுகிறேன் என்று பேனாவை மையில் தோய்த்தேன்.

“வேணாங்க ஐயா,” என்றார். அதுவரை என்னை அவர் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். “புள்ள பொறந்தது நெசம். அதுல உங்க கையெழுத்து வேணாம்.”

குரலில் கோபம் இல்லை. மச்சானை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் ரோட்டோரம் நின்று போகிறவர் வருகிறவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அரை மணி கழித்து ஒருவரைக் கூட்டிவந்தார். பனித்திட்டிலிருந்து தலைச்சுமையாகக் கருவாடு கொண்டுபோகிறவர். அவருக்கு இவரையும் தெரியாது, குழந்தையையும் தெரியாது. கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, தலைத்துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியவில்லை. ஊரும் பேரும் கேட்டு எழுதிக்கொண்டு, அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, நான் போடவிருந்த இடத்தில் பதித்தேன்.